பிழையில்லாத ஒரே சொல்

"கெட்டில்ல ஒரு டீ குறையுது, மிஸ்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மேஜை மேல் ஒரு பழைய தகரக் கெட்டில் இருந்தது. அதன் கைப்பிடியில் சணலால் ஓர் அட்டை கட்டியிருந்தது. அட்டையில் பெரிய ஆங்கில எழுத்தில் 'கெட்டில்' என்ற ஒரே சொல். இரண்டு டீ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. நடுவில் சம்பந்தமில்லாமல் ஓர் ஒய் வந்து உட்கார்ந்திருந்தது.

கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி, ஒரு சோப்புக் கட்டி, ஒரு மெழுகுவத்தி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. 'ஸ்பூன்' ஓர் ஓவை இழந்து வாலில் ஒரு ஈயைச் சேர்த்திருந்தது. 'சோப்'பில் ஏயைக் காணோம், அங்கேயும் கடைசியில் ஈ. 'கேண்டில்' இரண்டு எல்லோடு முடிந்தது.

"தினம் காலைல ஒண்ணு," என்றார் லயனல் போரட். "கதவைத் திறந்தா வாசப்படியில இருக்கு. முதல்ல பசங்க குறும்புன்னு நெனச்சேன். இன்னிக்கு இது வந்துது."

ஐந்தாவது அட்டையை வைத்தார். அதோடு பொருள் எதுவும் கட்டியிருக்கவில்லை. 'ஃப்ளவர்' என்று எழுதியிருந்தது. பூ. இன்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் எழுதுகிற மாதிரி, ஒரு எழுத்தும் பிசகாமல்.

"பூ எப்ப வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும், மிஸ் கெரிட்ஜ். பொணத்துக்கு வைப்பாங்க."

என் முதலாளி எடித் கெரிட்ஜ் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்ஸ்விச்சில் ஓர் அச்சகத்தில் பல காலம் பிழை திருத்தியவர். கமா இடம் மாறியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அச்சகம் மூடியதும் மனிதர்கள் செய்கிற பிழைகளைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். நான் பெர்ஸி காட்ச்போல், அவருடைய உதவியாள். அதற்கு முன்னால் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழித்ததை விட வாய் கிழித்தது அதிகம் என்று கம்பெனி என்னை இறக்கிவிட்டது.

போரட்டை எனக்குப் பார்த்த நிமிஷமே பிடிக்கவில்லை. ஹார்ல்ஸ்டெட் கடைத்தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. கடைப் பலகையில் 'யீ ஓல்டு ப்ரையரி ஷாப்' என்று தங்க எழுத்து. பழைய காலத்து வாசனை வர வேண்டும் என்று ஒரு சொல் விடாமல் எல்லாவற்றின் வாலிலும் ஈ சேர்த்திருந்தார். பலகை முழுக்க ஈ மொய்த்தது.

"அது யீ இல்லைங்க," என்றார் மிஸ் கெரிட்ஜ் திடீரென்று.

"எது?"

"உங்க பலகையில முதல் சொல். அது வெறும் 'த'. அந்த சத்தத்துக்குன்னு அப்ப தனி எழுத்து இருந்துது. அச்சுக்காரங்ககிட்ட அந்த அச்சு இல்லாததால ஒய்யைப் போட்டு ஒப்பேத்தினாங்க. யாரும் யீன்னு சொன்னதே இல்ல."

போரட்டின் காது சிவந்தது. "நான் உங்களைக் கூப்பிட்டது பலகை படிக்க இல்ல," என்றார். "எம் பொண்டாட்டிதான் பேப்பர்ல உங்க விளம்பரத்தைப் பாத்து, இவங்களையே கூப்பிடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னா."

மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மியூரியல் போரட் நிமிரவில்லை. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, சாம்பல் நிற முடி. சுவரோடு சுவராகப் பழகிப்போன மனுஷி.

"செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் போரட். "வின்னி காரட். இங்க வேலைக்காரியா இருந்தவ. என் வெள்ளி உப்புச் சிமிழைத் திருடினவ. ராணி எலிசபெத் காலத்துச் சிமிழ், நாட்டுல அதுக்கு ஜோடி கிடையாது. பொருள் கிடைக்கல, இன்ஷூரன்ஸ் பணம்தான் வந்துது, ஆனா ஒன்றரை வருஷம் அவளை உள்ள தள்ளினோம். இப்ப ஸ்டோமார்க்கெட்ல ஒரு பேக்கரியில ஒளிஞ்சிருக்காளாம். திங்கக்கிழமை நான் மாஜிஸ்திரேட்டா சத்தியப் பிரமாணம் எடுக்கறேன். அதைக் கெடுக்கத்தான் இந்த வேலை."

"போலீஸ்கிட்ட போகலாமே."

"போவேன். முதல்ல அவளை என் முன்னால நிறுத்துங்க. சனிக்கிழமை கர்னல் ஹாஸ் டீக்கு வர்றார். அன்னிக்கு அவளுக்குத் தண்டனை குடுத்தவரே அவர்தான். அவர் முன்னால ஒத்துக்கட்டும். இந்தத் தடவை வெளிய வர்றப்ப அவளுக்குத் தலை நரைச்சிருக்கணும்."

அதைச் சொல்லும்போது நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். விழுந்தவள் மேல் இன்னொரு மிதி மிதிக்க அந்த ஆளுக்கு அவ்வளவு ஆசை.

மியூரியல் கோப்பையை மிஸ் கெரிட்ஜிடம் நீட்டினாள். "சரியா இருக்கற எழுத்தையும் நீங்க திருத்துவீங்களா, மிஸ் கெரிட்ஜ்?"

"சரியா இருந்தா எதுக்குத் திருத்தணும்?"

"ரொம்பச் சரியா இருந்தா?"

"மியூரியல், டீ ஆறுது," என்றார் போரட்.

அட்டையில் இருக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவரே காட்டினார். வீட்டுக்குப் பின்னால் பழைய சாமான் அறை. சுவரில் ஓக் பலகைத் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும், அங்கே என்ன வைக்க வேண்டும் என்று நானூறு வருடத்துக்கு முன்னால் யாரோ சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தார்கள். சோப், கேண்டில், ஸ்பூன், கெட்டில், எல்லாம் அட்டையில் இருந்த அதே எழுத்தில். சுண்ணாம்புக்கு அடியில் கிடந்ததைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். கடைசித் தட்டில் 'ஃப்ளவர்'. அதன் மேல் போரட் ஒரு ஜாடி நிறையக் காகித ரோஜா வைத்திருந்தார்.

"அந்தக் காலத்துல பூவை வாடாம இருக்க இங்கதான் வச்சிருக்காங்க," என்றார். "வர்றவங்க எல்லாம் அசந்து போவாங்க. இந்தப் பலகையைச் சுரண்டித் தேய்ச்சவ வின்னி. அவளைத் தவிர யாருக்கு இந்த எழுத்து தெரியும்?"

கூடத்துக்குத் திரும்பினோம். கால் வலித்தது. ஜன்னலடியில் ஒரு பெரிய ஓக் பெட்டி இருக்கவே அதன் மேல் உட்கார்ந்தேன். மூடி தட்டையாக இல்லை, இரண்டு பக்கமும் கூரை போலச் சரிந்தது. நானும் சரிந்து தரையில் உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா, அது உக்கார்ற சாமான் இல்ல," என்று போரட் ஓடி வந்தார். பெட்டியைத் துடைத்தார், என்னைத் துடைக்கவில்லை. "கல்யாணப் பொண்ணோட சீதனப் பெட்டி. அந்தத் திருடி ஜெயிலுக்குப் போன அடுத்த மாசம் மனசை ஆத்திக்க வாங்கினது. பூட்டு மட்டும் நான் போட்டது."

"உள்ள பொண்ணு இன்னும் இருக்காங்களா, சார்?"

அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. மியூரியல் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

*

ஸ்டோமார்க்கெட் பேக்கரியில் வின்னி காரட் மாவு அடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்கை வரை வெள்ளை. நாங்கள் யார் அனுப்பி வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அடிப்பதை நிறுத்தவில்லை, இன்னும் பலமாக அடித்தாள்.

"நான் அனுப்பறதா இருந்தா கரண்டி அனுப்ப மாட்டேன், மிஸ். செங்கல் அனுப்புவேன். ஜன்னல் வழியா."

"அப்ப நீ அனுப்பல," என்றார் மிஸ் கெரிட்ஜ்.

"தினம் விடிஞ்சா இந்த மாவுல அந்த ஆளு மூஞ்சியப் பாக்கறேன். பாத்து நாலு போடறேன். அதனாலதான் எங்க ரொட்டி மெத்துன்னு இருக்குன்னு ஊர்ல பேரு." அவள் முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் போய்விட்டது. "அந்த ஆள விடுங்க. அந்தம்மாவத்தான் எனக்கு மறக்க முடியல. கோர்ட்ல பைபிள்ல கை வச்சு, வின்னி சிமிழை ஏப்ரன்ல சுத்தி எடுத்துட்டுப் போனதை நான் பாத்தேன்னு சொன்னாங்க. கொரல் கூட நடுங்கல. எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுத்தவங்க. அவங்க சொன்னா யாருதான் நம்ப மாட்டாங்க? எங்கம்மா நான் உள்ள இருக்கறப்பவே போயிட்டாங்க. மண்ணு போடக் கூட விடல."

நான் தொப்பியைக் கழற்றினேன். எனக்கு அது அபூர்வம்.

"போலீஸ் இந்த வாசல்ல வந்து நின்னாப் போதும், மிஸ்," என்றாள். "நான் செஞ்சேனா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாங்க. முதலாளி நல்லவருதான். ஆனா ஜெயிலுக்குப் போனவ கை பட்ட ரொட்டின்னு தெரிஞ்சா யாரு வாங்குவாங்க? இதை விட்டா எனக்குப் போக்கிடம் கெடையாது."

மிஸ் கெரிட்ஜ் சாமான் அறைத் தட்டுகளைப் பற்றிக் கேட்டார். வின்னிக்கு நினைவிருந்தது. சுண்ணாம்பைச் சுரண்டியது அவள்தான்.

"கடைசித் தட்டையுமா? ஃப்ளவர்னு எழுதியிருக்குமே."

"அந்தப் பக்கம் நான் சுரண்டவே இல்லையே. அதுக்குள்ளதான் என்னைப் புடிச்சுட்டாங்களே."

மிஸ் கெரிட்ஜின் புருவம் உயர்ந்தது. "இந்தப் பலகையில ஃப்ளவர்னு எழுது பாக்கலாம்."

மாவு தூவிய பலகையில் வின்னி விரலால் எழுதினாள். ஆனால் பூவை எழுதவில்லை. நடுவில் ஓவும் யூவும் போட்டு, மாவை எழுதியிருந்தாள்.

"நான் கேட்டது பூவை," என்றார் மிஸ் கெரிட்ஜ்.

"மூட்டை மூட்டையா நாங்க தூக்கறது இதைத்தான், மிஸ். ஃப்ளவர்னா எனக்கு முதல்ல மாவுதான் வரும்."

மிஸ் கெரிட்ஜ் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நடக்கும்போது உட்கார்ந்து பார்ப்பதுதான் வசதி. மூலையில் ஒரு மரச்சாமான் கவிழ்த்து வைத்திருந்தது, அதன் மேல் உட்கார்ந்தேன். அடுத்த நொடி தரையில் இருந்தேன்.

"அது மாவு பெசையற தொட்டி," என்றாள் வின்னி. "கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். சரிவா இருக்குமே, பாத்து உக்காரக் கூடாதா?"

மிஸ் கெரிட்ஜ் என்னைத் தூக்கிவிடவில்லை. தொட்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். சரிந்த பக்கங்களைக் கையால் தடவினார். பிறகு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்தால் யாருக்கோ கெட்ட காலம்.

"பெர்ஸி, இந்த வாரம் நீ ரெண்டு தடவை விழுந்திருக்க."

"ரெண்டு தடவையும் நீங்க வேடிக்கை பாத்தீங்க, மிஸ்."

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரி விழுந்த." வின்னி பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை போரட் வீட்டுக்கு ஒரு தட்டு பன் வேணும். நீயே கொண்டு வரணும்."

வின்னியின் கை நின்றது. "அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

"வேலைக்காரியா நீ மிதிச்சது பின்வாசப்படி. இது முன்வாசல்."

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மிஸ் கெரிட்ஜ் கண்ணாடியைத் துடைத்தார்.

"அஞ்சு சொல்லு, பெர்ஸி. நாலு சொல்லு தாத்தா காலத்துச் சட்டையில வருது. ஒண்ணு மட்டும் இன்னிக்குத் தச்ச சட்டையில வருது. ஏன்?"

"அட்டை எழுதினவங்க கடைசி நாள் பள்ளிக்கூடம் போயிட்டு வந்திருப்பாங்க."

"அதுவும் பழைய சட்டைதான். நாமதான் புதுசுன்னு ஏமாந்தோம். பூவும் மாவும் ஃப்ளவர். காதுக்கு இன்னிக்கும் ஒண்ணுதான், கண்ணுக்குத்தான் ரெண்டு. அந்தக் காலத்துல கண்ணுக்கும் ஒண்ணுதான். அரைச்ச கோதுமையில நயமான பாகம் எதுவோ அதுக்கு மாவோட பூன்னு பேரு. ரெண்டையும் இப்ப நாம பூ எழுதற மாதிரியேதான் எழுதினாங்க."

நான் யோசித்தேன். எனக்கு அது கொஞ்சம் நேரம் பிடிக்கிற வேலை. "அப்ப அந்தத் தட்டுல பூ வைக்கலையா?"

"சாமான் அறையில சோப்பு, மெழுகுவத்தி, கெட்டிலுக்குப் பக்கத்துல எவன் பூ வைப்பான்? மாவு வச்சாங்க. போரட் காகித ரோஜா வச்சிருக்கார். பழங்காலத்தைத் தின்னு கொழுத்த மனுஷனுக்கு அந்த ஒரு சொல்லு தெரியாது. தெரியாதுங்கறதும் அட்டை அனுப்பினவங்களுக்குத் தெரியும். அந்த ரோஜாவைத் தினம் பாக்கறவங்க."

"வீட்டுக்குள்ளயே இருக்கறவங்களா?"

"நாலு அட்டையும் சும்மா பாடம், பெர்ஸி. படிக்கறவங்களுக்குப் பழைய எழுத்து பழகட்டும்னு. அஞ்சாவதுதான் சேதி. அதை போரட் பூன்னு படிப்பார், பயப்படுவார், ஆள் கூப்பிடுவார். கூப்பிடற ஆள் அதைச் சரியாப் படிக்கணும். அதுக்கு ஒரு பிழை திருத்தறவ வேணும்."

யார் விளம்பரத்தைக் காட்டியது, யார் ஒற்றைக் காலில் நின்றது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரி மிஸ், மாவுன்னே இருக்கட்டும். எந்த மாவு? என்ன சேதி?"

"சனிக்கிழமை பன் சாப்பிடறப்ப சொல்றேன்," என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

*

சனிக்கிழமை மாலை கூடத்தில் நல்ல நெருப்பு எரிந்தது. கர்னல் ஹாஸ் முதுகைக் காட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். வெள்ளை மீசை, ஒரு காது மந்தம். போரட் புது சூட்டில் இருந்தார். வின்னி முன்வாசல் வழியாகத் தட்டோடு உள்ளே வந்தபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். பிடித்த பலகாரம் வந்தால் கூட ஒருத்தர் அப்படி மலர மாட்டார்.

"இவதான் கர்னல். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றார் கர்னல். பார்வை பன்னுக்குப் போய்த் திரும்பியது.

வின்னி தட்டை மேஜையில் வைத்தாள். மியூரியலைப் பார்க்கவில்லை. மியூரியல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க, மிஸ் கெரிட்ஜ்," என்றார் போரட். "அட்டை அனுப்பினது இவதானே?"

"அதுக்கு முன்னால அட்டையில சொன்னதைக் கண்டுபிடிச்சுட்டேன், மிஸ்டர் போரட். ஃப்ளவர்."

"பூவா? எங்க?"

"பூ இல்ல, மாவு." பஸ்ஸில் எனக்குச் சொன்னதை அவர் இரண்டே வரியில் சொன்னார். கர்னல் காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார். போரட் சாமான் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். காகித ரோஜா கண்ணில் வந்து போயிருக்க வேண்டும், கழுத்து வரை சிவந்துவிட்டது.

"இருக்கட்டும். சமையல்கட்டுல மாவு டின் இருக்கு, போய்ப் பாத்துக்குங்க."

"அதைச் சமையல்காரம்மா தினம் தொடறாங்க. இந்த வீட்டுல மாவுக்குன்னே செஞ்ச சாமான் இன்னொண்ணு இருக்கு." மிஸ் கெரிட்ஜ் ஜன்னலடிக்குப் போனார். "சீதனப் பெட்டிக்கு மூடி தட்டையா இருக்கும். இது சரிவா இருக்கு. ஏன்னா இது மூடி மட்டும் இல்ல. எடுத்துக் கவுத்தா மாவு பெசையற தொட்டி. கீழ இருக்கறது மாவு கொட்டி வைக்கற பெட்டி. உங்களுக்கு வித்தவன் கல்யாணக் கதை சொல்லி வித்துட்டான்."

கொண்டையிலிருந்து ஊசியை உருவி, பெட்டியின் மூலை இணைப்பில் விட்டு இழுத்தார். சாம்பல் நிறத்தில் காய்ந்த மாவுப் பொருக்கு உதிர்ந்தது.

"கல்யாணப் பொண்ணு பவுடர் நிறையப் போட்டிருக்கு," என்றேன்.

"தெறக்கலாமா?" என்றார் மிஸ் கெரிட்ஜ்.

போரட்டின் முகத்தில் இருந்த சிவப்பு முழுக்க வடிந்தது. அட்டை சொன்ன இடம் எது என்பது அந்த நிமிஷம்தான் அவருக்குப் புரிந்தது. தன் கையால் ஆள் கூப்பிட்டு, தன் செலவில் காட்டிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அதைப் பார்க்க இனித்தது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"சாவி தொலைஞ்சு வருஷமாச்சு," என்றார்.

மேஜை மேல் டிங் என்று ஒரு சத்தம். சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பித்தளைச் சாவி கிடந்தது. மியூரியல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க ஷேவிங் சோப்பு டப்பாவுல இருந்துது, லயனல்," என்றாள். "எப்பவும் அங்கதானே வைப்பீங்க."

நான்தான் பூட்டைத் திறந்தேன். மேலே கம்பளிகள், அதற்கு அடியில் ஒரு தலையணை உறை, உறைக்குள் வெள்ளிச் சிமிழ். சிங்கக் கால், மூடி மேல் குட்டியாக ஒரு வீரன். நெருப்பு வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. வின்னி ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் ஒன்றரை வருடம் இதற்காகத்தான் உள்ளே இருந்தாள். போரட் அதற்கு இன்ஷூரன்ஸ் பணமும் வாங்கியாயிற்று. ஊரறிந்த பொருளை விற்கவும் முடியாது, விடவும் மனசு வராது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும், இந்த ஆள் சிமிழோடு தின்றிருக்கிறார்.

ஆனால் போரட் லேசில் விழுகிற ஆள் இல்லை. "பாத்தீங்களா கர்னல்," என்று குரலை உயர்த்தினார். "இங்கயே ஒளிச்சு வச்சிருக்கா. வெளிய கொண்டு போக முடியாம என் வீட்டுலயே வச்சுட்டுப் போயிருக்கா. என்ன தைரியம் பாருங்க."

கர்னல் வின்னியைத் திரும்பிப் பார்த்தார். தலை லேசாக ஆடியது. பழைய தீர்ப்பு தப்பில்லை என்று கேட்க எந்த நீதிபதிக்குத்தான் ஆசை இருக்காது. வின்னி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கதவு மூடுகிற சத்தம் அவள் காதில் கேட்டிருக்க வேண்டும்.

"இந்தப் பெட்டி எப்ப வாங்கினீங்க, மிஸ்டர் போரட்?" என்றார் மிஸ் கெரிட்ஜ்.

அவர் பெட்டி மூடியைச் சாத்தப் போனார்.

"நான் சொல்றேன் சார்," என்றேன். "நான் கீழ விழுந்து கெடந்தப்ப நீங்களே சொன்னீங்க. அந்தத் திருடி ஜெயிலுக்குப் போன அடுத்த மாசம், மனசை ஆத்திக்க. ஜெயில்ல இருந்தவ கை இவ்வளவு நீளமா?"

கர்னல் நெருப்பை விட்டு நகர்ந்து வந்தார். சிமிழைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், கீழே வைத்தார். "உக்காருங்க, போரட்," என்றார். அது நண்பனிடம் பேசுகிற குரல் இல்லை. பிறகு கூடத்தின் ஓரத்தில் இருந்த டெலிபோனுக்குப் போனார்.

போரட் உட்காரவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார். "நீயா? பைத்தியக்காரி, சொல்ல வேண்டியதை வாயத் தெறந்து சொல்றதுக்கு என்ன? எதுக்கு இந்தக் கரண்டியும் கெட்டிலும்?"

"வாயத் தெறந்து சொல்றேன்னு சொன்னேனே," என்றாள் மியூரியல். "அப்ப என்ன சொன்னீங்க? சொன்னா உன்னைப் பைத்தியம்னு எழுதிக் குடுக்க டாக்டர் இருக்கார்னு சொன்னீங்க. அதான் உங்களுக்குப் புடிச்ச பாஷையில எழுதி உங்க வாசல்லயே வச்சேன். உங்களால படிக்க முடியல." அவள் அவர் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். "நீங்க அந்த மேடையில ஏறி இன்னொரு பொண்ணை உள்ள தள்றதை நான் பாக்க மாட்டேன், லயனல். ஒண்ணு பாத்தது போதும். அதுக்கு உங்களை என் கையாலயே இறக்கணும்னு நெனச்சேன். இறக்கிட்டேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. கோர்ட்டில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பிறகு எழுந்து வின்னியின் முன்னால் போய் நின்றாள். "வின்னி, நான் பாத்தேன்னு சொன்னது பொய். இவர் சொல்லச் சொன்னார், சொன்னேன். என்னை மன்னிச்சுடு."

"இல்லைங்க," என்றாள் வின்னி.

கூடத்தில் கர்னல் போலீஸ் ஸ்டேஷன் நம்பர் சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"இவர என்னைக்கோ நான் மனசுல கொன்னுட்டேன்மா. உங்களத்தான் என்ன செய்யறதுன்னு தெரியாம இத்தனை நாள் வச்சிருந்தேன்." வின்னி ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள். "இந்த ரூமுல நாலு பேரு முன்னால சொன்னது எனக்குப் பத்தாது. அன்னிக்கு எந்தக் கூண்டுல ஏறிச் சொன்னீங்களோ அதே கூண்டுல ஏறணும். அதே பைபிள்ல கை வைக்கணும். ஊரே உக்காந்து கேக்கணும். பொய் சாட்சி சொன்னவளுக்கு எத்தனை மாசம்னு கர்னல்கிட்டயே கேட்டுக்குங்க. அதை முடிச்சுட்டு வாங்க, மன்னிக்கறதப் பத்திப் பேசலாம்."

டெலிபோனை வைத்துவிட்டு வந்த கர்னல் தரையைப் பார்த்தார். "அது ஜெயில்தான், மிசஸ் போரட்," என்றார் மெதுவாக. "யோசிச்சு முடிவு பண்ணுங்க."

மியூரியல் யோசிக்கவில்லை. "என்னிக்கு வரணும்?" என்றாள்.

திங்கட்கிழமை ஹார்ல்ஸ்டெட் கோர்ட்டில், ஏற்கனவே ஏற்பாடாகியிருந்த நேரத்துக்கே சத்தியப் பிரமாணம் நடந்தது. பைபிளின் மேல் கை வைத்தது மியூரியல் போரட். முன்வரிசையில் நடுவில், கடன் வாங்கிய நல்ல தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வின்னி காரட் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.